பக்தாத் வரைந்த நோட்டு

நம்ம பள்ளிக்கூட விழா மலருக்கு ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தரணும், சந்தோஷமான நினைவா இருக்கணும்னு நம்ம குரூப்புல போட்டிருந்தீங்க. கூடவே கூடப் படிச்சவங்க பட்டியலும் வந்துச்சு. கடைசியில 'தொடர்பில் இல்லாதவர்கள்'னு அஞ்சு பேரு. அதுல நாலாவது பேரைப் பார்த்துட்டு அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலைங்க. கீழ ஒருத்தி எழுதியிருந்தா, "இவளா? கல்யாணம் பண்றதுக்காக ஒம்பதாவது பாதியிலயே நிறுத்திட்டாங்களே"ன்னு. நாலஞ்சு பேரு ஆமாம்னு கட்டைவிரல் காட்டியிருந்தீங்க.

கல்யாணத்துக்காக அவ நிக்கல. ஏன் நின்னான்னு எனக்குத் தெரியும். நாப்பத்தஞ்சு வருசமா வாயைத் திறக்காம இருந்தேன். சந்தோஷமா எழுதறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க. நான் இதைத்தான் எழுதப் போறேன். அவ பேரை இங்க எழுதல, உங்களுக்குத் தெரியும். என் கூட்டாளின்னே சொல்றேன்.

மலரைப் புரட்டப் போற இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். நாம படிச்சது சேலத்துல முஸ்லிம் பெரியவங்க சேர்ந்து நடத்துன பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடம். எல்லா ஊட்டுப் புள்ளைங்களும் படிச்சோம். வாரத்துக்கு மூணு நாள், கடைசி மணி அடிச்சா வகுப்பு ரெண்டாப் பிரியும். முஸ்லிம் புள்ளைங்க தீனியாத்துக்குப் போவாங்க. அதாவது மார்க்கப் பாடம், நாயகத்தோட வாழ்க்கை, அதுக்கப்புறம் வந்த வரலாறு எல்லாம். மத்தவங்க நாம பதினோரு பேரும் நீதிபோதனைக்குப் போவோம்.

அந்த வருசம் நீதிபோதனை டீச்சர் பிரசவத்துக்குப் போயிட்டாங்க. பொய் சொல்லாதே, சொன்ன சொல் தவறாதேன்னு நமக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமப் போச்சு. சும்மா விட்டா வேப்பமரத்தடியில கும்மாளம் போடுவோம்னு பெரிய டீச்சர் நம்மள தீனியாத் வகுப்புலயே கடைசி ரெண்டு பெஞ்சுல உக்கார வச்சாங்க. "வாயை மூடிட்டு வீட்டுப்பாடம் எழுதுங்கடி"ன்னாங்க. ஞாபகம் இருக்கா? உங்கள்ல பாதிப் பேரு அங்க உக்காந்து புளியங்கொட்டைல பல்லாங்குழி ஆடுனீங்க.

நான் கேட்டுட்டு இருந்தேன். எங்க ஊட்டுல நாலு தறி. அந்தத் தடதடப்புக்கு நடுவுல அம்மா அடுப்படியில முணுமுணுக்கறது கூட எனக்குக் கேக்கும். அப்படிப் பழகுன காது. தீனியாத் டீச்சருதான் தையலும் எடுத்தாங்க. கழுத்துல இஞ்சு டேப்பு மாலையாட்டம் தொங்கும். வேலைக்குச் சேர்ந்து ரெண்டே வருசம், சின்ன வயசு, பாடம் நடத்துனா பாலைவன மணல் நம்ம பெஞ்சு மேல வந்து விழுகும். ஆனா பரீட்சைன்னு வந்துட்டா வரிக்கு வரி ஒப்பிக்கணும். அதுல ஒரு சொல் மாறக் கூடாது.

ஊட்டுக்குப் போனதும் எனக்கு வேலை ராட்டையில நூல் சுத்தறது. சுத்தறப்ப சும்மா இருக்க முடியாம அன்னைக்குக் கேட்ட பாடத்தை முணுமுணுப்பேன். கலீஃபாக்கள் பேரு, அவங்க ஆண்ட வருசம், பிடிச்ச ஊரு, எல்லாம் ராட்டை சுத்தற வேகத்துக்கு வந்து விழுகும். அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துட்டு, "என்ன சாமி அது, பாட்டா?"ன்னு கேட்டாங்க. பாடம்னேன். அப்பா தறிக்குழியில இருந்தே, "எங்கயோ கெடக்கற ஊர்ப் பேரெல்லாம் சொல்லுது, சொல்லட்டும் விடு"ன்னாரு. அவ்வளவுதான் எங்க ஊட்டுல இதைப் பத்திப் பேச்சு. வேற மதத்துப் பாடம் உனக்கு எதுக்குன்னு, நான் பயந்த மாதிரி, ஒருத்தரும் கேக்கல.

கூட்டாளி மத்த பாடத்துக்கெல்லாம் எம்பக்கத்துலதான் உக்காருவா. தீனியாத்துக்கு மட்டும் அவ முன்னாடி, நான் பின்னாடி. அவங்க அத்தா, அதாவது அப்பா, லாரிக்குத் தார்ப்பாய் தைக்கற கடை வச்சிருந்தாரு. கடைக்குப் பின்னாடியே ஊடு. உள்ள நுழைஞ்சா மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசம் தலையைச் சுத்தும். அவகிட்ட அந்த வாசம் எப்பவும் இருக்கும். அத்தா தார்ப்பாயை விரிச்சுப் போட்டு நீலச் சாக்பீஸ்ல கோடு இழுக்கறப்ப, எத்தனை முழம் வெட்டணும், எவ்வளவு மிச்சம் வரும்னு இவ வாயிலயே கணக்குச் சொல்லுவா. நம்ம வகுப்புல கணக்குல அவளை மிஞ்ச ஆள் இருந்துச்சா? சொல்லுங்க பார்க்கலாம்.

அவளுக்கு வராத ஒண்ணு ஒப்பிக்கறது. எழுந்து நின்னா நாக்கு ஒட்டிக்கும். மூணாவது கலீஃபா பேரு வாயில வரும், நாலாவது வராது. டீச்சர் இஞ்சு டேப்பை எடுத்து மேசைல அடிப்பாங்க, அவ்வளவுதான், ரெண்டாவதும் மறந்துரும்.

ஆனா அவ கேட்ட கேள்வி இன்னும் என் காதுல இருக்குது. நாயகம் மக்காவை விட்டு மதீனாவுக்குக் கிளம்புன பாடம் அன்னைக்கு. ஊர்க்காரங்க தங்கிட்ட நம்பி ஒப்படைச்ச பொருளை எல்லாம் அவங்கவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துட்டு வரச் சொல்லி, தன்னோட பெரியப்பா மகனை ஊருலயே நிறுத்திட்டுப் போனாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அப்படி நம்பி ஒப்படைச்ச பொருளுக்கு அமானிதம்னு பேரு. அப்ப கூட்டாளி எந்திரிச்சா. "டீச்சர், ஊரே அவங்களுக்கு எதிரா நிக்குது, உசுரை எடுக்கவே பாக்குது. அப்புறம் எப்படிங்க பொருளை மட்டும் அவங்ககிட்டயே குடுத்து வச்சிருந்தாங்க?"

டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாங்க. "அது பரீட்சைக்கு வராது, உக்காரு"ன்னாங்க. வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். பின்னாடி நானே டீச்சராகி முப்பது வருசம் பாடம் எடுத்தேன், அந்த மாதிரி ஒரு கேள்வியை ஒரு புள்ளை எங்கிட்டக் கேட்டதில்லை.

அந்த வருசம் அவ தலைக்கு மேல ஒரு கத்தி தொங்குச்சு. அவங்க பெரியத்தா, அதாவது அத்தாவோட அண்ணன், பள்ளிவாசல் கமிட்டியில இருந்தவரு. பொம்பளப் புள்ளைக்கு ஒம்பதாவதே அதிகம்னு சொல்லிட்டே இருந்தாரு. அத்தா அண்ணன் பேச்சைத் தட்டாத ஆளு. ஆனா புள்ளை மேல உசுரு. அதனால நடுவுல ஒண்ணைச் சொல்லிச் சமாளிச்சாரு. "அரையாண்டுப் பரீட்சையில தீனியாத்துல நல்லபடியா மார்க்கு வாங்கட்டும்ண்ணே. மார்க்கத்தைப் படிச்சுட்டாள்னா பத்தாவதும் படிக்கட்டும்." பெரியத்தாவும் தலையாட்டிட்டாரு. அவ இதை எங்கிட்டச் சொல்லிட்டு, "கணக்குன்னு சொல்லியிருந்தா நான் தூங்கிட்டே வாங்கிருப்பேன்டி"ன்னா.

அப்புறம் ரெண்டு மாசம் நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். சாயங்காலம் தார்ப்பாய்க் குவியல் மேல ஏறி உக்காந்துக்குவோம். நான் சொல்லுவேன், அவ திருப்பிச் சொல்லுவா, பாதியில விட்டுருவா. அவளுக்கு வழி வேறயா இருந்துச்சு. வரைஞ்சாத்தான் மண்டையில நிக்கும். ஒரு நாப்பது பக்க நோட்டு வச்சிருந்தா, நீல அட்டை. மக்கா மதீனா வழியை அதுல வரைஞ்சுட்டு எங்கிட்டக் காட்டுனா. "பாருடி, மதீனா வடக்க இருக்குது. இவங்க மொதல்ல தெக்க போயி குகையில மூணு நாள் இருந்திருக்காங்க. துரத்தறவன் வடக்கதான தேடுவான்?" எனக்கு அந்தக் குகை பேரு தெரியும், எத்தனை நாள்னு தெரியும். அது எந்தப் பக்கம்னு நான் யோசிச்சதே இல்லைங்க.

பக்தாத் நகரத்தை அந்தக் காலத்துல வட்டமாக் கட்டுனாங்கன்னு படிச்சப்ப அவ விடல. அத்தாவோட நீலச் சாக்பீஸை நூல்ல கட்டி, என்னை நடுவுல நூலைப் பிடிக்கச் சொல்லி, பெரிய தார்ப்பாய் மேல சுத்தி வந்து வட்டம் போட்டா. நாலு வாசல், உள்ள இன்னொரு மதில், நடுவுல அரண்மனையும் பள்ளிவாசலும். அத்தா வந்து பார்த்துட்டு நின்னாரு. திட்டுவாருன்னு பார்த்தோம். "வட்டம் கோணாம வந்திருக்குதே"ன்னு சொல்லிட்டு, மிதிக்காமச் சுத்திப் போனாரு. அந்த நேரத்துல அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இப்பவும் தெரியும்.

பரீட்சைக்கு முந்தின வாரம் தீனியாத் டீச்சர் நம்ம பக்கம் திரும்பி, "பேசிட்டு உக்காந்திருக்கறதுக்கு நீங்களும் எழுதுங்களேன், மார்க்குப் போடறேன்"ன்னாங்க. விளையாட்டாத்தான் சொன்னாங்க. உங்கள்ல முக்காவாசிப் பேரு வெறும் தாளைக் குடுத்துட்டு வந்தீங்க. நான் கூடுதலா ரெண்டு தாள் வாங்கி எழுதுனேன்.

மார்க்கு வந்துச்சு. எனக்குத் தொண்ணூத்தி ஏழு. வகுப்புலயே முதல். அவளுக்கு அறுபத்தி நாலு. அறுபத்தி நாலுங்க. நாலாவது கலீஃபா பேரு வராத புள்ளை வாங்குன அறுபத்தி நாலு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டுக் குழாயடியில குதிச்சோம். அத்தா பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் வந்து மார்க்கு அட்டையைப் பார்த்துட்டு அவளுக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் குடுத்தாரு. பத்தாவது உறுதியாயிருச்சுன்னு நெனச்சோம்.

அடுத்த வாரம் மீலாது விழா. நாயகம் பிறந்த நாளுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல பந்தல் போட்டு, தீனியாத்துல முதல் வந்த புள்ளைக்குப் 'முதல் பரிசு'ன்னு மூடியில வெட்டுன எவர்சில்வர் பாத்திரம் குடுப்பாங்க. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்கூட்டுல அனுப்புவாங்களா? நீ வந்தீன்னா உன்னையக் கூப்பிட்டுக் குடுப்பேன். வரலைன்னா அடுத்த மார்க்குக்காரிக்குக் குடுத்துருவோம், கட்டாயம் ஒண்ணும் இல்ல"ன்னாங்க.

விழாவுக்கு முதல் நாள் கூட்டாளி எங்க ஊட்டுக்கு வந்தா. அந்த நீல அட்டை நோட்டை எங்கிட்டக் குடுத்தா. "பெரியத்தா அவரு மளிகைக் கடையில பொட்டலம் கட்டப் பழைய நோட்டை எல்லாம் எடுத்துக்கறாரு. இது பத்தாவதுக்கு வேணும். அமானிதமா வச்சிரு"ன்னா. அப்புறம் தறியைப் பார்த்துக்கிட்டே சொன்னா.

"நாளைக்கு நீ வராதடி."

"ஏன்?"

"அத்தாவும் பெரியத்தாவும் முன்னாடி உக்காந்திருப்பாங்க. எனக்கு அறுபத்தி நாலு போதும். ஆனா நீ மேடையேறி முதல் மார்க்குன்னு வாங்குனீன்னா பெரியத்தா அத்தாவைப் பேசியே கொன்னுருவாரு. உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிரு. உன்னையக் கேட்டுக்கறேன்."

"வரலடி. சத்தியமா வரல"ன்னு சொன்னேன். அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன்.

போனேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலைங்க. அம்மா தாவணிக்கு இஸ்திரி போட்டு வச்சது உண்மைதான், ஆனா வயித்துவலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. எங்க ஊட்டுல அதுவரைக்கும் ஒருத்தரும் மேடை ஏறுனதில்லை. கைதட்டல் எனக்காகக் கேக்கணும்னு ஆசை. விடிகாலையில இருந்து போகக் கூடாது போகக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே தலையை வாரிக்கிட்டேன். சும்மா பின்னாடி நின்னு பார்த்துட்டு வந்துரலாம்னு எனக்கு நானே பொய் சொல்லிட்டுப் போனேன். டீச்சர் கண்ணுல படற எடத்துலதான் போயி நின்னேன்.

டீச்சர் மைக்குல சொன்னதை நீங்களும் கேட்டீங்க. பெருமையாத்தான் சொன்னாங்க பாவம். "இந்த வருஷம் தீனியாத்துல முதல் மார்க்கு நம்ம நெசவுக்காரர் ஊட்டுப் புள்ளை. கடைசி பெஞ்சுல உக்காந்து காதால கேட்டே படிச்சிருக்கு. நம்ம புள்ளைங்க எல்லாம் இதைப் பார்த்து வெக்கப்பட்டுப் படிக்கணும்." எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கைதட்டுனீங்க. மேடையில இருந்து நான் முதல் வரிசையைப் பார்த்தேன். அத்தாவும் கைதட்டிட்டு இருந்தாரு. பெரியத்தா அவர் காதுகிட்டக் குனிஞ்சு என்னமோ சொன்னாரு. அத்தா கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டுக் கீழ பார்த்தாரு.

கூட்டாளி அன்னைக்கு சர்பத் குடுக்கற வேலையில இருந்தா. நான் மூணடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிட்டு இறங்கி வாரேன், எதிர்ல தட்டோட வாரா. எல்லாருக்கும் குடுத்த மாதிரி எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக் குடுத்தா. அடுத்த ஆளுக்குப் போயிட்டா. அவளை நான் கடைசியாப் பார்த்தது அதுதான்.

திங்கக்கிழமை அவ வரல. செவ்வாயும் வரல. புதன்கிழமை நோட்டை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். அத்தா ஊசியைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்தாரு. எம்மேல கோபமே இல்லை அவருக்கு. "இனி அவ வரமாட்டா கண்ணு. நீ காதுல கேட்டே படிச்சிருக்க. எம்புள்ளைக்கு முன் பெஞ்சுல உக்கார வச்சுச் சொல்லியும் அவ்வளவுதான் ஏறுது. ஏறாத புள்ளையை எதுக்கு அனுப்பணும்னு அண்ணன் கேக்கறாரு, எங்கிட்டப் பதில் இல்லை. நீ நல்லாப் படி"ன்னாரு. உள்ள தையல் மிஷின் ஓடிட்டு இருந்துச்சு. அவர் பேசப் பேச அது நின்னுச்சு. நான் என்ன சொல்றேன்னு கேக்கறதுக்காகத்தான் நின்னுச்சு, எனக்குத் தெரியும்.

சொல்லியிருக்கலாம். உங்க புள்ளை கணக்குல நூத்துக்கு நூறுங்கன்னு, அவ கேட்ட கேள்விக்கு டீச்சருக்கே பதில் தெரியலைங்கன்னு, வட்டம் கோணாம வந்துச்சுன்னு நீங்கதானுங்க சொன்னீங்கன்னு. மேடையில நின்னு எல்லார்கிட்டயும் கைதட்டு வாங்குனவளுக்கு அங்க ஒரு வார்த்தை வரலைங்க. சரிங்கன்னு தலையாட்டிட்டுத் திரும்பிட்டேன். ரோட்டுக்கு வாரதுக்குள்ள உள்ள மிஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சிருச்சு. நோட்டு என் கக்கத்துலயே இருந்துச்சு.

அடுத்த வருசம் அவளைக் கெங்கவல்லிப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. கல்யாணம் வந்தது பின்னாடிங்க, நீங்க நெனைக்கற மாதிரி முன்னாடி இல்ல. அந்த டிபன் கேரியரை எங்கம்மா புளி போட்டு வைக்க எடுத்துக்கிட்டாங்க. 'தீனியாத் முதல் பரிசு'ன்னு மூடியில வெட்டுனது எத்தனை தேய்ச்சும் போகல.

நான் படிச்சேன். டீச்சர் ஆனேன், மல்லசமுத்திரத்துல சமூக அறிவியல். ஒம்பதாவதுல இஸ்லாம் தோன்றுன பாடம் வரும். ஒவ்வொரு வருசமும் அந்த நீல அட்டை நோட்டை எடுத்துட்டுப் போயி, அதைப் பார்த்து வட்டமான பக்தாத்தைப் போர்டுல வரைவேன். நல்லா வரையறீங்க டீச்சர்னு புள்ளைங்க சொல்லும். ஒரு வருசம் கூட இது என்னோடது இல்லைன்னு நான் சொன்னதில்லை. குடுத்து வச்ச பொருளைத் திருப்பிக் குடுக்காதது ஒரு தப்பு, அதை எடுத்துப் புழங்குனது இன்னொண்ணு.

ரிட்டயர் ஆனதுக்கப்புறம் போன வருசம்தான் தைரியம் வந்துச்சு. தார்ப்பாய்க் கடையை இப்ப அவ தம்பி பார்த்துக்கறாரு. அக்கா முகவரி வேணும்னேன். "உக்காருங்க டீச்சர்"ன்னாரு. "அக்கா மௌத்தாகி நாலு மாசம் ஆகுதுங்க."

நாலு மாசம் முந்தி போயிருந்தா அவ உசுரோட இருந்திருப்பா. மெழுகு வாசம் அப்படியே இருக்குதுங்க அந்தக் கடையில. நோட்டை அவ மகள்கிட்டயாவது குடுத்துரணும்னு ஆத்தூர் வழியா பஸ் பிடிச்சுப் போனேன். மகளுக்கு நாப்பது வயசு இருக்கும். மூஞ்சி அவளைப் போல இல்ல, கையை மட்டும் அவளாட்டம் ஆட்டிப் பேசுச்சு. உங்கம்மாகூடப் படிச்சவ நான்னு சொன்னேன். நோட்டைக் குடுத்தேன். அது ஒவ்வொரு பக்கமாப் புரட்டுச்சு, அந்த வட்டத்துக்கு வந்ததும் நிறுத்திட்டு என்னைப் பார்த்துச்சு.

"இதெல்லாம் எங்கம்மாவா வரைஞ்சாங்க?"

"ஆமாம்மா."

"அம்மா தனக்குப் படிப்பே ஏறலைன்னுல்ல சொல்லுவாங்க. எங்களைப் படிக்கச் சொல்லித் திட்டும்போதெல்லாம் இதையேதான் சொல்லுவாங்க. 'நான் மக்கு. எங்க பாடத்துலயே வேற வீட்டுப் புள்ள வந்து முதல் மார்க் வாங்குச்சு. அது எனக்கு உக்காந்து சொல்லிக்கூடக் குடுத்துச்சு, நல்ல புள்ள. எனக்குத்தான் ஏறல, அதான் அத்தா நிறுத்திட்டாரு. நீங்களாவது படிங்க'ன்னு."

டீ ஆறிடும், குடிங்கன்னு சொல்லுச்சு. குடிச்சேன். அந்தப் புள்ள யாருன்னு அம்மா சொல்லியிருக்காங்களான்னு கேட்டேன். பேரு சொன்னதில்லைன்னுச்சு. அது நான்தான்னு மறுபடியும் சொல்லல பாருங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டுச்சு.

அதனால மலருக்கு இதைத்தான் தாரேன். ரெண்டு பக்கத்துக்கு மேல போயிருச்சு, ஆனா ஒரு வரியும் வெட்டாதீங்க. 'தொடர்பில் இல்லாதவர்கள்'ல இருந்து அவ பேரை எடுத்துட்டு, இறந்து போனவங்க வரிசையில போடுங்க. பேருக்குக் கீழ, அரையாண்டுக் கணக்குப் பரீட்சையில நூத்துக்கு நூறுன்னு போடுங்க. அந்தக் கேள்வியையும் போடுங்க, அவ கேட்ட மாதிரியே. அச்சாகி வந்ததும் முதல் பிரதியைக் கெங்கவல்லிக்கு அனுப்புங்க, முகவரி தனியா எழுதி வச்சிருக்கேன். எங்கம்மா மக்குன்னு அந்தப் புள்ளை இனி ஒரு தடவை நெனைக்கக் கூடாது. அந்த வேற வீட்டுப் புள்ள யாருன்னும் படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்.